சீட்டில் ‘அட்ரிபிடே’ என்று எழுதும் முன்

புதுச்சேரியைச் சுற்றி எவ்வளவு தோண்டினாலும் அட்ரிபிடே குடும்பத்துப் பிராக்கியோபாட் (மட்டி போல இரண்டு ஓடு கொண்ட கடலுயிர்) புதைபடிவம் ஒன்றுகூடக் கிடைக்காது. வழுதாவூர்ப் பக்கத்துப் பாறை கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. அந்தக் குடும்பம் அடங்கிய அட்ரிபிடா வரிசை முழுவதும் டெவோனியன் காலத்திலேயே, சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூண்டோடு அழிந்துவிட்டது. ஆகவே வழுதாவூர், விருத்தாசலம் என்று ஊர்ப்பெயர் போட்ட டப்பாவில் ‘அட்ரிபா’ (அந்தக் குடும்பத்துப் பேரினம்) என்று சீட்டு இருந்தால் ஓட்டை அறுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, சீட்டுதான் தவறு. இங்கே கிடைக்கும் வரியோடிய பிராக்கியோபாட் பெரும்பாலும் ரிங்கோனெல்லிடா வரிசையைச் சேர்ந்தது. தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் பிராக்கியோபாட்களைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா 1872இலேயே விவரித்திருக்கிறார். உள்ளூர் மாதிரிக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

கீழே சொல்வது வெளியூர்களிலிருந்து வந்து பயிற்சிப் பெட்டிகளில் கிடக்கும் டெவோனியன் ஓடுகளை நாங்கள் குடும்பம் பிரிக்கும் முறை.

முதலில் அது மட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மட்டியில் இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிராக்கியோபாடில் இரண்டு ஓடும் வேறுவேறு அளவு, வேறுவேறு வளைவு. ஆனால் ஒவ்வோர் ஓட்டையும் நடுவில் பிளந்தால் இரு பாதியும் ஒத்துப்போகும். அட்ரிபிடேயில் காம்பு வெளிவரும் ஓடு தட்டையாகவும், எதிர் ஓடு நன்றாகப் புடைத்தும் இருக்கும். கீல் விளிம்பு குட்டையாக வளைந்திருக்கும். மேலே வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் வளர்ச்சி அடுக்குகளும் சேர்ந்து வலை பின்னியது போலத் தெரியும்.

இந்த அடையாளங்களோடு நிறுத்தியதால்தான் குழப்பமே வந்தது. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ரெட்டிகுலாரிஸ் என்ற ஒரே இனப்பெயருக்குள், சைலூரியன் முதல் டெவோனியன் வரை வலை வரி போட்ட ஓட்டையெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கொட்டிவிட்டார்கள். பின்னால் அதைப் பிரித்து பல பேரினங்களாக்கியதில் உள்ளமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பார்க்க ஓட்டைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும் கால்சைட், உள்ளே நிரம்பியதும் கால்சைட் என்றால் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். பெரும்பாலும் எதுவும் பிரியாது.

தேய்த்தால் மாதிரி போய்விடும். அதனால் முதலில் அம்மோனியம் குளோரைடு புகை பிடித்து, ஐந்து பக்கமும் படம் எடுத்துவிடுகிறோம். நம் கடற்கரைக் காற்றில் அந்த வெள்ளைப் பூச்சு சீக்கிரம் ஈரம் இழுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு கடைசியாகத்தான் பூச வேண்டும். பிறகு கழுவி, சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் நகல் ஒன்று வார்த்த பிறகே தேய்ப்பு.

ஓட்டை ரெசினில் புதைக்கும்போது நிற்கும் கோணம் முக்கியம். இரு ஓடும் சேரும் தளத்துக்குச் செங்குத்தாக, மூக்குப் பக்கத்திலிருந்து (கீலருகே கூர்ந்து நிற்கும் முனை) தேய்ப்பு தொடங்க வேண்டும். சில டிகிரி சாய்ந்தாலும் இடது பல் (இரு ஓட்டையும் கீலில் பூட்டும் முனை) முதலில் தெரியும், வலது பல் மூன்று நான்கு தேய்ப்பு கழித்துத்தான் வரும். அதைப் பார்த்து ஓடே கோணல் என்று எழுதிவிடக் கூடாது.

25 மி.மீ. நீள ஓடு என்றால் முதல் 5 மி.மீ.க்கு 0.1 மி.மீ. இடைவெளி: பற்கள், பற்குழிகள், கீல் தட்டுகள் எல்லாம் அங்கேதான். அடுத்த 10 மி.மீ.க்கு 0.5 போதும். மொத்தம் 70 பீல் (தேய்த்த முகத்தின் பதிவை அசிட்டேட் ஷீட்டில் உரித்தெடுப்பது). ஒவ்வொரு முறையும் மைக்ரோமீட்டரில் மிச்ச நீளத்தை அளந்து எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அடுத்தவற்றின் தூரம் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

கடைசித் தேய்ப்பு 1000 நம்பர் சிலிக்கன் கார்பைடில். பிறகு 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 முதல் 15 விநாடி. குறைந்தால் படம் மங்கல். கூடினால் மேடு பள்ளம் அதிகமாகி, உரிக்கும்போது ஷீட் கிழியும். கழுவுவது காய்ச்சி வடித்த நீரில் மட்டும். உப்பு கலந்த போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து, அதுவும் பீலில் பதிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் அசிட்டோன் ஊற்றி, அசிட்டேட் ஷீட்டை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மேலிருந்து பொத்தென்று போட்டால் குமிழி. இருபது நிமிடம் கழித்து உரிக்கலாம்.

ஷீட்டில் ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷனரிக் கடையில் ஓ.எச்.பி. ஷீட் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. ஒட்டவும் ஒட்டாது, பதியவும் பதியாது. மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இளகி, கை வைத்தால் பிசுபிசுத்தால்தான் அசிட்டேட்.

எங்களுக்கு அதிகம் கெட்டுப்போவது வடகிழக்குப் பருவ மாதங்களில். அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, பீல் பால் போல வெளுத்துவிடுகிறது. அமிலத்தைக் குறை சொல்லி மறுபடி தேய்ப்பவர்கள் 0.1 மி.மீ. ஓட்டை வீணாக்குகிறார்கள். தேய்க்க வேண்டாம். ஏ.சி. போட்டு அறை காய்ந்தபின், அதே முகத்தை லேசாக அமிலம் காட்டி இன்னொரு பீல் எடுத்தால் தெளிவாக வரும்.

பீலைப் படிக்கும்போது தேடுவது சுருள்களை, அதாவது உணவு வடிக்கும் கைகளைத் தாங்கிய சுண்ணப் பட்டைகளை. குறுக்குவெட்டில் நடுக்கோட்டின் இருபுறமும் சின்னச் சின்னக் கோடுகளாக, வரிசையாகத் தெரியும். அந்தக் கோட்டு வரிசை புடைத்த ஓட்டை நோக்கி, நடுப்பக்கம் சாய்ந்து குறுகிக்கொண்டே போனால் அட்ரிபிடா. பக்கவாட்டில் குறுகிப் போனால் வேறு பிராக்கியோபாட் வரிசைகளான ஸ்பிரிபெரிடா அல்லது அதிரிடிடா. சுருளே இல்லாமல் இரண்டு குட்டைக் கொம்புகள் மட்டும் தெரிந்தால் ரிங்கோனெல்லிடா. அட்ரிபிடேயில் இரு சுருள்களிலிருந்தும் வரும் இணைப்புக் கிளைகள் நடுவில் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். அதிரிடிடாவில் அவை சேர்ந்து சிக்கலான வளைவாகும். சுருள்மேல் கால்சைட் தடித்துப் படிந்திருந்தால் உண்மையான பட்டை அதன் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடாகத்தான் இருக்கும், தடிப்பை அளந்துவிடாதீர்கள்.

ஓட்டுச் சுவரில் நுண்துளை உண்டா என்பதையும் அதே பீலில் பார்க்கலாம். அட்ரிபிடாவுக்குத் துளை கிடையாது, டெரிப்ராட்டுலிடா என்ற இன்னொரு வரிசைக்கு உண்டு. மழை வெயிலில் அரித்த குழி மேற்பரப்போடு நின்றுவிடும். துளை என்றால் சுவரை ஊடுருவி, சீரான இடைவெளியில் வரும்.

இவ்வளவும் பொருந்தினால் சீட்டில் அட்ரிபிடே கில், 1871 என்று எழுதலாம். குடும்பப் பெயருக்கு ஆசிரியர் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் எழுத வேண்டும். இனம் ரெட்டிகுலாரிஸ் என்றால் லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் வரும். அவர் அதை அனோமியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார், அட்ரிபா 1828இல் டால்மன் உண்டாக்கியது. சுருள் தெளிவாகத் தெரியாத ஓட்டுக்கு வரிசைப் பெயரோடு ஒரு கேள்விக்குறி போட்டு, நகல், பீல்கள், மிச்சத் துண்டு மூன்றையும் ஒரே எண்ணில் வைத்துவிடுகிறோம்.