லொகின் தர ஏலாது, கட்டுரையைக் கேளுங்கள்

"அண்ணா, உங்கட கம்பஸ் லைப்ரரி லொகினை ஒருக்காத் தர ஏலுமா? ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைதான், காசு கட்டச் சொல்லுது." இப்படி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். தர ஏலாது தம்பி. கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு ஒரு ஆளுக்கென்று கொடுத்தது. ஒரே பெயரில் வெள்ளவத்தையில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்க் கட்டுரைகளை அள்ளினால் பதிப்பகத்தார் கவனிப்பார்கள், கவனித்தால் மூடிவிடுவார்கள், சில நேரம் அந்த ஆளுக்கு மட்டுமல்ல முழுப் பல்கலைக்கழகத்துக்குமே. ஆனால் அந்த ஒரே ஒரு கட்டுரை என்ன என்று சொன்னால், எடுத்து அனுப்ப என்னால் முடியும், என்னால் முடியாவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள்.

விக்கிப்பீடியா எழுதுகிறவர்கள் நீண்ட காலமாக இதைத்தான் செய்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. கட்டுரை எழுத ஒரு மூலம் தேவை, கையில் இல்லை என்றால் அங்கே விவரத்தைப் போடலாம், அதை எடுக்க வழி உள்ள யாரோ ஒருவர் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். அதற்குப் பக்கத்திலேயே விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்றும் இருக்கிறது: விக்கியில் 500 தொகுப்புகள், அதாவது நீங்கள் செய்த திருத்தங்கள், ஆறு மாதப் பழைய கணக்கு, கடைசி ஒரு மாதத்தில் பத்துத் தொகுப்பு, தடை ஏதும் இல்லை, இவ்வளவு இருந்தால் பழைய ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் உட்படப் பல தரவுத்தளங்கள் இலவசமாகத் திறக்கும். தமிழ் விக்கியில் செய்த தொகுப்புகளும் கணக்கில் சேரும். இது தெரியாமலே வருடக்கணக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரு கட்டுரைக்குப் பெரும்பாலும் 30 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு நம்முடைய இலங்கை ரூபாயில் அது கிட்டத்தட்டப் பத்தாயிரம். திறந்து பார்த்தால் உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

சரி, கேட்பது எப்படி? "மலையகம் பற்றி ஏதாவது பிடிஎஃப் இருந்தா அனுப்புங்கோ" என்று வந்தால் யாரும் பதில் போட மாட்டார்கள், நானும்தான். எழுதியவர் பெயர், தலைப்பு, இதழ், தொகுதி, வருடம், பக்கம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் தனி அடையாள எண்) இருந்தால் அதுவும். அப்புறம் எங்கெங்கே தேடிப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி, ஏனென்றால் பாதித் தேடல் இலவசமாகவே முடிந்துவிடும். கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டும் அன்பேவோல் நீட்சியை பிரவுசரில் போட்டுப் பாருங்கள், நம் நாட்டு ஆய்விதழ்கள் பலவற்றுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன் என்ற இலவசத் தளம் இருக்கிறது, எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டால் பலர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள்.

அண்மையில் ஒரு தங்கச்சி ஒரு புத்தகத்தின் உசாத்துணைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா. ஓரம் வெட்டுப்பட்டு, இதழின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜே.ஆர்.ஏ.எஸ்.சி.பி. என்று வெறும் எழுத்துகள் மட்டும். வெளிநாட்டு இதழ், காசு கட்ட வேண்டும் என்று பயந்துபோய் இருந்தா. பார்த்தால் அது 1845இல் இங்கேயே தொடங்கிய அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட இதழ்! கழகத்தின் நூலகம் இன்றைக்கும் கொழும்பு 7இல்தான் இருக்கிறது, பழைய இதழ்கள் ஜேஸ்டோரிலும் உண்டு, அங்கே இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். அவவுக்கு நான் அனுப்பியது ஒரு இணைப்பு மட்டும்தான். இந்த வேலையில் கதவைத் திறந்துவிடுவதை விட எந்தக் கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது என்று காட்டுவதுதான் அதிகம்.

இன்னொன்று, ஆய்வுக்கும் கற்பித்தலுக்குமான நியாயமான பயன்பாட்டுக்கு 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இடம் வைத்திருக்கிறது என்பதற்காக முழுப் புத்தகத்தை ஸ்கான் பண்ணி முந்நூறு பேர் உள்ள குழுவில் கொட்டாதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு கட்டுரை, அதுவும் கேட்டவருக்குத் தனியாக.

மற்றவர்களிடம் கேட்டு வாங்குவது மட்டும்தான் நம் பக்கம் என்றும் இல்லை, நாமும் கொடுக்கலாம். வெளியூர்க்காரர்களின் பெரிய தரவுத்தளங்களில் கிடைக்காதது நம் ஊரில் கிடக்கிறது. 1930இல் தொடங்கிய வீரகேசரியின் ஒரு பழைய பக்கத்தைத் தேடுகிறவருக்கு ஜேஸ்டோரால் என்ன பிரயோசனம்? 2005இலிருந்து நூலகம் தளம் ஈழத்துப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, முதலில் அங்கே பார்ப்பேன். அங்கே இல்லையென்றால் யாராவது கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போய், படிவம் நிரப்பி, கட்டுக் கட்டாக வரும் தாள்களைப் புரட்டத்தான் வேண்டும். டொரன்டோவில் இருந்து எனக்குக் கட்டுரை எடுத்துத் தருகிற ஒரு அண்ணாவுக்கு இப்போது அப்படி ஒரு பக்கம் தேவை. எனக்கு வார நாளில் லீவு கிடைக்கவில்லை. காப்பகத்துப் பக்கமாக வேலை செய்கிறவர்கள் யாராவது ஒரு மத்தியானம் போகலாம் என்றால் கீழே எழுதுங்கள், திகதியையும் பத்திரிகையின் பெயரையும் தருகிறேன்.