காலைல நாலு மணிக்கு ஒரு லிட்டர்

போன வாரம் மச்சினன் போன் பண்ணான். வர்ற வியாழக்கெழம அவனுக்கு கொலனோஸ்கோபியாம், பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டெஸ்ட். "அத்தான், நீங்கதான் இதுல சீனியர், வயிறு கழுவ எந்த மருந்து நல்லாருக்கும்?"னு கேக்கான், ஏதோ பைக் வாங்கப் போறவன் மைலேஜ் கேக்குற மாதிரி. அவனுக்கு சொன்னத அப்படியே இங்க எழுதி வெச்சிருதேன், அடுத்து எவனாவது கேட்டா லிங்க் அனுப்பிரலாம்ல.

சீனியர்னு அவன் சொன்னது உண்மதான். எங்கப்பாவுக்கு 2000ல, 53 வயசுல, பெருங்குடல்ல புத்துநோய் வந்துச்சு. அதனால பிள்ளைங்க நாங்க 40 வயசு, இல்லன்னா அப்பாவுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, இதுல எது மொதல்ல வருதோ அப்ப ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பாத்துக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு 2013ல 40. அதுலருந்து நாலு தடவ ஆச்சு. டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லங்க, ஊசி போட்டா தூங்கிருவோம், முழிச்சா கொஞ்ச நேரம் காத்து பிரிஞ்சுகிட்டே கெடக்கும், அவ்ளோதான். முந்துன நாள் ராத்திரிதான் மொத்த கதையும்.

மொத தடவ குடுத்தது சோடியம் பாஸ்பேட். சின்ன பாட்டில், 45 மில்லி, சாயங்காலம் ஒண்ணு காலைல ஒண்ணு. அட இவ்ளோதானான்னு சந்தோஷமா வாயில ஊத்துனேன், கடல் தண்ணிய வத்த காய்ச்சி குடுத்த மாதிரி இருந்துச்சு. இது ஒடம்புல இருக்குற தண்ணிய இழுத்து குடலுக்குள்ள விட்டுதான் வேல செய்யும், அதனால கூடவே நெறைய தண்ணி குடிக்கணும், அத யாரும் அழுத்தி சொல்லல, நானும் குடிக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் கதவ புடிச்சுகிட்டு தல சுத்தி அப்படியே உக்காந்துட்டேன். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன், இந்த மருந்தால சில பேருக்கு கிட்னிக்குள்ள பாஸ்பேட் படிஞ்சு கிட்னியே கெட்டுப்போகுதுன்னு அமெரிக்காவுல 2008லயே கடுமையான எச்சரிக்க குடுத்திருக்காங்க. 55 தாண்டுனவங்க, கிட்னி சரியில்லாதவங்க, சில வகை பிபி மாத்திரையும் வலி மாத்திரையும் சாப்புடுறவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. எனக்கு குடுத்தது அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு! நல்லவேள எனக்கு அப்ப ஒரு வியாதியும் இல்ல.

ரெண்டாவது 2018ல, பெக் பவுடர். பாலிஎத்திலீன் கிளைக்கால்னு பேரு, உப்பெல்லாம் கலந்த பொடி, பாக்கெட்ட 2 லிட்டர் தண்ணில கரைக்கணும். 1980ல மொத மொத இது வந்தப்ப ஆளுக்கு 4 லிட்டராம், நெனச்சாலே வாந்தி வருது. இப்ப பெரும்பாலும் 2 லிட்டர்தான், சில எடத்துல கூட ரெண்டு டல்கோலாக்ஸ்ங்குற பேதி மாத்திரையும் குடுக்காங்க. இதுல என்ன நல்லதுன்னா இது ஒடம்புல சேராது, வாய்வழியா போனது அப்படியே கீழ வந்துரும், உப்பு அளவும் சமமா வெச்சிருக்கதால ஒடம்புத் தண்ணிய ரொம்ப இழுக்காது. எனக்கு தல சுத்தவே இல்ல. ஆனா ருசின்னு ஒண்ணு இருக்குல்லா, எலுமிச்ச வாசனைல சோப்புத் தண்ணி, வழவழன்னு, மொத நாலு டம்ளர் போயிரும், அஞ்சாவதுல இருந்து நமக்கும் டம்ளருக்கும் சண்ட.

இங்கதான் நான் ஏமாந்தேன். ஆஸ்பத்திரில குடுத்த சீட்டுல சாயங்காலம் ஆறுலருந்து எட்டுக்குள்ள ரெண்டு லிட்டரும் முடிக்கணும், ராத்திரி 12க்கு மேல பச்சத்தண்ணி கூட கூடாதுன்னு அச்சடிச்சிருந்துச்சு. டெஸ்ட் மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு. நானும் அப்படியே செஞ்சேன், ராத்திரி பத்துக்கெல்லாம் இளநீ மாதிரி தெளிவா போச்சு, ஆகா பாஸ்னு தூங்குனேன். ரிப்போர்ட்ல என்ன போட்டான்னா, வலது பக்கம் சரியா தெரியல, ஒரு வருஷத்துல திரும்ப பாக்கணும். காசும் போச்சு, லீவும் போச்சு, குடிச்ச ரெண்டு லிட்டரும் போச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு அடுத்த வருஷம் வேற டாக்டர் ஒருத்தர் படம் போட்டு காமிச்சாரு. நாம சாப்புடாட்டியும் பித்தநீரும் சிறுகுடல்ல சொரக்குற தண்ணியும் ராவெல்லாம் எறங்கி, பெருங்குடல் ஆரம்பிக்குற எடத்துல, அதாவது வலது பக்கம், கஞ்சி ஆட மாதிரி படிஞ்சிருமாம். எட்டு மணிக்கு கழுவுன வாசல்ல மறுநாள் மத்தியானம் கோலம் போடப் போனா தூசி இருக்கத்தான செய்யும். அந்தப் பக்கம் வர்ற பாலிப், அதாவது குடல் சுவத்துல மொளைக்குற சின்ன சதை, வேற நெறைய தட்டையா இருக்குமாம், ஆடைக்கு அடில மறஞ்சுரும். அதனால மருந்த ரெண்டா பிரிச்சு, பாதி முந்துன நாள் சாயங்காலம், மீதி பாதி டெஸ்ட்டுக்கு நாலுலருந்து ஆறு மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு, ரெண்டு மணி நேரம் முன்னாடி முழுசா நிறுத்திரணும். மச்சினன்ட்ட நான் அடிச்சு சொன்னது இதத்தான், எந்த பொடின்னு கவலப்படுறத விட அந்த ரெண்டாவது பாதிய எப்ப குடிக்கேங்குறதுதான் முக்கியம்.

2019ல டெஸ்ட் ஒம்போதரைக்கு. ராத்திரி எட்டுக்கு ஒரு லிட்டர், காலைல நாலு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு இன்னொரு லிட்டர். வீட்டுக்காரி அரத் தூக்கத்துல "ஏங்க, இந்நேரத்துல என்னத்தங்க குடிக்கீங்க?"ன்னா. அதே பெக்தான், அதே 2 லிட்டர்தான். வலது பக்கம், போன வருஷம் சரியா தெரியலன்னு எழுதுன அதே எடத்துல, 6 மில்லிமீட்டர்ல ஒரு பாலிப் இருந்துச்சு. அங்கயே கம்பில சுருக்கு போட்டு எடுத்துட்டாங்க. அடினோமாவாம், விட்டா பின்னால கேன்சரா மாறக்கூடிய வகை, இன்னும் கேன்சர் ஆகல. அந்த ரிப்போர்ட்ட கைல வெச்சுகிட்டு கார்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பாஸ்டன் ஸ்கோர்னு ஒண்ணு போடுவாங்க, குடல மூணா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 மார்க், மொத்தம் 9, ஒவ்வொரு பாகத்துலயும் 2 ஆவது வரணும். எனக்கு 8. எஸ்எஸ்எல்சில கூட இவ்ளோ பர்சன்டேஜ் வாங்குனதில்ல.

2024ல சல்பேட் கரைசல். ரெண்டு சின்ன பாட்டில், ஒவ்வொண்ணயும் தண்ணி ஊத்தி அர லிட்டர் ஆக்கி குடிச்சிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வெறுந்தண்ணி. மருந்து அளவு கம்மி, ஆனா உப்பும் கசப்பும் சேந்து நாக்குல ரொம்ப நேரம் நிக்குது, வெல கூட. சுத்தம் பெக்குலயும் இதுலயும் ஒண்ணுதான், எனக்கு வித்தியாசம் தெரியல. திரும்ப என்ன எடுப்பேன்னு கேட்டா பெக்தான், பழகுன பேய். நியூஜெர்சில இருக்குற அத்த பொண்ணு மாத்திரையா எடுத்தாளாம், மொத்தம் 24, ராத்திரி 12 காலைல 12. பெருமையா சொன்னா, அப்புறம் பாத்தா தண்ணி கணக்கு கிட்டத்தட்ட நம்ம கணக்கேதான்.

பழைய காலத்துல மானிட்டால்னு இனிப்பா ஒண்ணு குடுப்பாங்க, எங்க பெரியப்பா குடிச்சிருக்காரு. இப்ப அத பெரும்பாலும் விட்டுட்டாங்க, ஏன்னா குடல்ல இருக்குற கிருமி அத தின்னு ஹைட்ரஜன் வாயு உண்டாக்கும், உள்ள கரண்ட் வெச்சு பாலிப் வெட்டுறப்ப அது பத்திக்கிட்டு வெடிச்சு 1970கள்ல பிரான்ஸ்ல ஒருத்தர் செத்தே போயிருக்காரு. அப்புறம் அம்மா கேட்டா, "எதுக்குல இவ்ளோ செலவு, வெளக்கெண்ணெய் குடிச்சா போகாதா"ன்னு. எங்க ஆச்சி பள்ளிக்கூட லீவுல எங்கள வரிசையா உக்கார வெச்சு மூக்க புடிச்சு ஊத்துவா, மத்தியானம் ரசஞ்சோறு. பேதி ஆகும், சரி. ஆனா கேமரா விட்டுப் பாக்குற அளவுக்கு சுத்தம் ஆகாது, ரெண்டும் வேற வேற வேல.

மத்தபடி சின்னச் சின்ன விஷயம். முந்துன நாள் இட்லி, கொழஞ்ச சோறு, மோர், வடிகட்டுன ரசம், கீர கொய்யா தக்காளி வெத எள்ளு எதுவும் வேணாம், நார் கம்மியா இருந்தா பாதி வேல முடிஞ்சுது. மருந்து ஆரம்பிச்சுட்டா தெளிஞ்ச தண்ணி ஐட்டம் மட்டும், இளநீ, வடிகட்டுன எலுமிச்ச ஜூஸ், பால் இல்லாத காப்பி. நன்னாரி சர்பத் ஆசைப்பட்டேன், செவப்பு கலர் உள்ள ரத்தம் மாதிரி தெரியும்னு சிஸ்டர் வேணாம்னுட்டாங்க. இரும்பு மாத்திர சாப்புட்டா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, சுகர் மாத்திரையும் ரத்தம் ஒறையாம இருக்க போடுற மாத்திரையும் நீங்களா கை வெக்காதீங்க, டாக்டர்ட்ட கேளுங்க, இதயம் கிட்னி பிரச்சன உள்ளவங்க எந்த மருந்துன்னே அவர்தான் சொல்லணும். பெக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சு சில்லுன்னு ஸ்ட்ரா போட்டு கால் லிட்டரா பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா குடிங்க, நடுவுல வீட்டுக்குள்ளயே நடங்க. பாத்ரூமுக்கு போறதுக்கு முன்னாடியே தேங்காண்ணெய் தடவிக்கோங்க, ஏன்னு எட்டாவது தடவ போறப்ப தெரியும். வீட்ல ஒரு பாத்ரூம்தான்னா அன்னைக்கு மத்தவங்கள எங்கயாவது அனுப்பிருங்க, நான் ஒரு தடவ மாமனார் வந்திருந்தப்ப மாட்டிகிட்டேன், அத எழுத மாட்டேன்.

மச்சினன் நேத்து திரும்ப போன் பண்ணான். அவன் சீட்டுலயும் ராத்திரி 12க்கு மேல ஒண்ணும் கூடாதுன்னுதான் இருக்காம், டெஸ்ட் பதினோரு மணிக்கு. நாளைக்கே போயி டாக்டரையும் மயக்க டாக்டரையும் பாத்து காலைல பாதி குடிக்கலாமான்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வால-ன்னு சொல்லிருக்கேன். "அப்ப அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமா அத்தான்?"னான். ஆமால.