பேரு மட்டும்தான் எழுதல

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துல ஆலோசகரா ஒம்பது வருஷம் வேல பாத்தேன். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல எங்கயோன்னு வெச்சுக்குங்க. இதுல வர்ற ஆளுங்களப் பத்தின சில விவரத்தயும் மாத்திதான் எழுதிருக்கேன்.

குறுவை நடவு நேரம், ஒரு மத்தியானம் ஒரு அக்கா ஆபீஸுக்கு வந்தாங்க. பாலியல் தொழில் செய்யறவங்க, ஆனா தெருவுல எல்லாருக்கும் அவங்க டவுன்ல ஒரு கடைக்கு வேலைக்குப் போறவங்க, அவ்ளோதான். ஒண்ணும் பேசாம போன நீட்டுனாங்க. ஒரு கஸ்டமர் நெட்ல அவங்களப் பத்தி எழுதிருக்கார். திட்டி எழுதல, பாராட்டிதான் எழுதிருக்கார், நல்லாப் பேசுனாங்க, சொன்ன காசுக்கு மேல கேக்கல அப்படின்னு. பேரும் போடல. ஆனா எந்த பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க, எத்தன மணிக்கு வருவாங்க, பகல்ல எந்த மாதிரி கடையில வேல, ஒடம்புல என்ன அடையாளம், புள்ள எத்தனாவது படிக்குது, எல்லாம் வரிசையா இருக்கு. அத்தனையும் அவங்க வாயால சொன்னதுதான், மனசு விட்டு ரெண்டு வார்த்த பேசுனத அந்தாளு அப்படியே எழுதி வெச்சுட்டார்.

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கண்ணுல அது பட்டுருச்சு. ஒரே வாரத்துல கடை வேல போச்சு, வீட்டுக்காரம்மா வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

நம்ம பக்கம் ஒருத்தரக் கண்டுபிடிக்கப் பேரு எதுக்குங்க? பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களே எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு மூணு கேள்வியில சொந்தமே கண்டுபிடிச்சுருவாங்க. ஒரு ஸ்டாப்பு, ஒரு நேரம், ஒரு அடையாளம் போதும்.

எழுதறவங்களுக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு. 1956ல வந்த சட்டப்படி ஒரு பொண்ணு தனியா இந்தத் தொழில் செய்யறது மட்டும் குத்தம் இல்ல, ஆனா ரெண்டு பேர் ஒரே எடத்துல சேந்து அதுல சம்பாரிச்சா அந்த எடம் விபச்சார விடுதின்னு ஆயிரும். வாடகைக்கும் பாதுகாப்புக்கும்தான் சேந்து இருப்பாங்க. 'அங்க இன்னொரு பொண்ணும் இருக்கு'ன்னு ஒருத்தர் சாதாரணமா எழுதற ஒரு வரி ரெய்டுல போய் முடியலாம். அதே மாதிரி 'காண்டம் இல்லாமலே ஒத்துக்கிட்டாங்க'ன்னு எழுதறது, இதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்றது, அது உண்மையோ பொய்யோ அடுத்து வர்ற ஒவ்வொருத்தனும் அதையே கேட்டு மல்லுக்கு நிப்பான், நாங்க வருஷக்கணக்கா பேசிப் பேசி உண்டாக்குன பழக்கத்த அந்த ஒரு வரி ஒடைச்சுரும்.

2022 மே 19ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. பாலியல் தொழிலாளிங்கள போலீஸ் மரியாதையா நடத்தணும், காண்டம் வெச்சுருக்கறத குத்தத்துக்கு ஆதாரமாக் காட்டக் கூடாது, ரெய்டு நியூஸ்ல அவங்க அடையாளம் தெரியற மாதிரி எதையும் போடக் கூடாதுன்னு. கடைசியா சொன்னது பத்திரிகைக்கும் டிவிக்கும்தான், ஆனா கையில போன் இருக்கற எல்லாருக்கும் அந்த நியாயம் பொருந்தும்னுதான் நான் நினைக்கறேன்.

கஸ்டமர மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. எங்க திட்டத்துல எல்லாருக்கும் கோடு நம்பர்தான், ரெஜிஸ்டர் பீரோவுல பூட்டிதான் இருக்கும். அப்படி இருந்தும் ஒரு மீட்டிங்குக்காக ஒரு அக்காவோட கதைய கேஸ் ஸ்டடின்னு நான் எழுதுனேன். பேரு போடல, ஊரு போடல. குடும்பத்தப் பத்தி ஒரே ஒரு விவரம் சேத்தேன், படிக்கறவங்க மனசுல நிக்கணுமேன்னு. அது என்னன்னு இங்க திரும்ப எழுதப் போறதில்ல. வாசிச்சு முடிச்ச ஒடனே பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருத்தர் 'ஓ, அவங்களா'ன்னு பேரச் சொல்லிட்டார். நானே போய் அந்த அக்காகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, 'பேரு எழுதலங்கறீங்க, அப்பறம் எப்படி மேடம் அவரு எம்பேரச் சொன்னாரு?'ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அதுலேர்ந்து யாரப் பத்தி எழுதுனாலும் அவங்க அண்ணன் இதப் படிச்சா தங்கச்சின்னு தெரிஞ்சுருமான்னு ஒரு தடவ நினைச்சுப் பாத்துட்டுதான் அனுப்புவேன். கஸ்டமருங்களும் அத மட்டும் செஞ்சா போதும். நல்லா நடந்துக்கிட்டாங்கன்னா அத அவங்ககிட்டயே சொல்லுங்க. எழுதித்தான் ஆகணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டு எழுதுங்க, எடம், நேரம், ஒடம்பு, புள்ளைங்க, போட்டோ எதுவும் வேணாம், வீட்டு வாசலோ ஜன்னலோ தெரியற போட்டோ கூட வேணாம். வேணாம்னு அவங்க சொன்னா விட்ருங்க.

மொத அக்காவுக்காக அந்தப் பதிவ எடுக்கச் சொல்லி எழுதிக்கிட்டே இருந்தோம். கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்க்கான்னேன், ஸ்டேஷன்ல என்ன தொழில்னு கேப்பாங்களேன்னு பயந்து வேணாம்னுட்டாங்க. பதினோரு நாள் கழிச்சு எடுத்தாங்க. ஸ்க்ரீன்ஷாட் எத்தன பேர்கிட்ட இருக்கோ.

அவங்க இப்ப வேற ஊர்ல இருக்காங்க. அந்த அடையாளம் வெளிய தெரியாத மாதிரிதான் உடுத்தறாங்க, சித்திரை வெயில்லயும்.