நகர வாசலுக்குப் புறம்பே

பரிசுத்த தேசப் பயணம் போகிறவர்கள் எல்லாரும் எருசலேமுக்காகத்தான் காத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பயணம் உண்மையில் மக்தலாவில் தொடங்கியது. கலிலேயா கடலின் மேற்குக் கரையில் இருக்கும் மகதலேனா மரியாளின் ஊர் அது. 2009-ல் யாத்திரிகர் விடுதி கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது, முதல் நூற்றாண்டு யூத ஜெப ஆலயம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் ஆலயத்துக்குள் போனோம். மேலே படகு வடிவில் பலிபீடம், அதற்குப் பின்னால் கண்ணாடி வழியே கடல். படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனால் சுவர் நிறைய ஒரே ஓவியம். அதில் முகம் எதுவும் கிடையாது. செருப்பணிந்த கால்கள், தரை வரை தொங்கும் அங்கிகள், அந்தக் கால்களுக்கு நடுவே நுழைந்து வரும் ஒரு பெண்ணின் கை. விரல் நுனி வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் வெளிச்சம்.

பெரும்பாடுள்ள ஸ்திரீ. தீராத இரத்தப்போக்கோடு வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமானவள். ஞாயிறு பள்ளிக்குப் போன எவருக்கும் தெரிந்த கதைதான். அவள் விசுவாசத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவள் எவ்வளவு பெரிய சட்டத்தை மீறினாள் என்பது மட்டும் அந்த ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. லேவியராகமம் 15-ன்படி அவள் படுத்த படுக்கை தீட்டு, உட்கார்ந்த இருக்கை தீட்டு, அவற்றைத் தொடுகிறவனும் தீட்டு. 12 வருஷமாக அவள் யாரையும் கூசாமல் தொட்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவள் கூட்டத்துக்குள் புகுந்து, பலரை இடித்துக்கொண்டு போய், தேவனுடைய பரிசுத்தரையே தொடுகிறாள்.

பழைய ஏற்பாட்டில் ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் கர்த்தர் ஆசாரியர்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறார். ஒருவன் பரிசுத்தமான மாம்சத்தைத் தன் வஸ்திரத்தின் தொங்கலில் கொண்டுபோகிறான். அந்தத் தொங்கல் அப்பத்திலோ எண்ணெயிலோ பட்டால் அது பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள் ஆசாரியர்கள். சரி, பிணத்தால் தீட்டுப்பட்டவன் அதையே தொட்டால் தீட்டுப்படுமா? தீட்டுப்படும் என்கிறார்கள். அழுக்கு எளிதாகத் தொற்றிக்கொள்கிறது, பரிசுத்தம் அப்படித் தொற்றுவதில்லை. பலிபீடத்தைத் தொடுவதெல்லாம் பரிசுத்தமாகும் என்று யாத்திராகமத்தில் ஒரு வசனம் உண்டு, உண்மைதான். ஆனால் அந்தப் பலிபீடத்தின் அருகே போக எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது? ஆகவே பரிசுத்தத்தை வேலி போட்டுக் காக்க வேண்டியிருந்தது. இங்கே, இந்தக் கடலோரத்தில், தொங்கலைத் தொட்ட தீட்டுள்ள பெண் சுத்தமாகிறாள். அவரைத் தீட்டு தொடவில்லை. போதாததற்கு, அவள் பயந்து நடுங்கி உண்மையைச் சொன்னபோது, "மகளே" என்கிறார். அங்கிருந்து நேரே ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் வீட்டுக்குப் போய், செத்துக்கிடந்த பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். பிணத்தைத் தொடுவது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் மிகக் கடுமையான தீட்டு. அந்தப் பிள்ளையோ எழுந்து நடக்கிறாள்.

பரிசுத்தம் என்றால் எதைத் தொடக்கூடாது, யாரோடு சேரக்கூடாது, எங்கே போகக்கூடாது என்பதாகவே நம்மில் பலர் கற்று வளர்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் அது பாதி உண்மையாகத்தான் பட்டது.

அடுத்தது கப்பர்நகூம். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் எழும்பி நிற்கும் ஜெப ஆலயம் பிற்காலத்தது. அதற்கு அடியில் தெரியும் கறுப்புக் கல் அடித்தளத்தை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். மாற்கு முதலாம் அதிகாரத்தை அங்கே உட்கார்ந்து வாசித்தோம். அந்தச் சுவிசேஷத்தில் இயேசுவை "தேவனுடைய பரிசுத்தர்" என்று முதலில் சொல்வது யார் தெரியுமா? சீஷன் இல்லை, ஆசாரியன் இல்லை. இந்த ஊர் ஜெப ஆலயத்தில் ஒரு மனுஷனைப் பிடித்திருந்த அசுத்த ஆவி. அசுத்தம்தான் பரிசுத்தத்தை முதலில் அடையாளம் கண்டுகொண்டது, கண்டு அலறியது.

அதே அதிகாரத்தின் கடைசியில் ஒரு குஷ்டரோகி வருகிறான். இயேசு கையை நீட்டித் தொடுகிறார். வார்த்தையால் மட்டும் சொல்லியிருந்தாலே போதும், ஆனாலும் தொடுகிறார். அதற்குப் பின் வரும் கடைசி வசனத்தை எங்கள் போதகர் ஐயா இரண்டாம் முறை வாசித்தார். குணமானவன் ஊரெல்லாம் போய்ச் சொன்னதால், இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போக முடியாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார்.

"கவனிச்சீங்களா?" என்றார் ஐயா. "பாளயத்துக்கு வெளியே, ஜனங்க குடியிருக்கிற இடத்துக்கு வெளியே இருக்கணும்னு நியாயப்பிரமாணம் சொன்னது குஷ்டரோகியை. இப்ப அவன் ஊருக்குள்ளே. இவர் வெளியே."

அந்த வரி எருசலேம் வரை என்னோடு வந்தது.

கலிலேயாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் படகில் போனோம். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுப் பாடினோம், படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் நடுக்கடலில் இஞ்சினை நிறுத்திய சில நிமிஷங்களில் பேதுருவை நினைத்துக்கொண்டேன். வலை கிழியுமளவு மீன் அகப்பட்டதும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் ஆண்டவரே என்று முழங்காலில் விழுகிறான். இந்தப் பயத்தை நாம் தொலைத்துவிடக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டவர் எல்லாரையும் தொடுகிறார் என்பதை, அவருக்கு எதுவும் ஒரு பொருட்டே இல்லை என்று ஆக்கிவிடுவது சுலபம். சேராபீன்கள் என்ற தூதர்கள் பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர் என்று பாடுவதைக் கேட்ட ஏசாயா தீர்க்கதரிசி, ஐயோ அதமானேன் என்றுதான் கதறினான். பலிபீடத்து நெருப்புத்தழல் அவன் உதடுகளைத் தொட்ட பிறகே அவனால் பேச முடிந்தது. தொடுதல் சுத்தமாக்கும், ஆனால் சுடவும் செய்யும். பேதுரு போகச் சொன்னார், இயேசு போகவில்லை. கூடவே வரச் சொன்னார். அதே பேதுருதான் பல வருஷம் கழித்துத் தன் முதல் நிருபத்தில், உங்களை அழைத்தவர் பரிசுத்தராயிருக்கிறதுபோல நீங்களும் உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலும் பரிசுத்தராயிருங்கள் என்று எழுதுகிறார். விலகிப் போகச் சொன்னவருக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது.

எருசலேமில் முதலில் தேவாலயத்தின் தென்புறப் படிகளுக்குப் போனோம். ஒரு படி அகலம், அடுத்தது குறுகலாக இருப்பதால் அங்கே வேகமாக ஏற முடியாது. கீழே பாறையில் வெட்டிய ஸ்நானத் தொட்டிகள் இருக்கின்றன. மேலே போகிறவர்கள் அதில் மூழ்கித் தங்களைச் சுத்திகரித்துக்கொண்டுதான் போவார்கள். இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து எருசலேமை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி நடந்தால் வேலிகள் தெளிவாகத் தெரியும். யூதரல்லாத புறஜாதியார் பிராகாரம், ஸ்திரீகள் பிராகாரம், இஸ்ரவேலர் நிற்கும் இடம், ஆசாரியர்களின் பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், கடைசியில் திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியன் மட்டும், வருஷத்துக்கு ஒரே நாள், அதுவும் இரத்தத்தோடு உள்ளே போகலாம்.

அதே அருங்காட்சியகத்தில் உடைந்த கல் ஒன்று இருக்கிறது. கிரேக்க எழுத்துக்களில் சிவப்புச் சாயத்தின் தடம் இன்னும் மிச்சமிருக்கிறது. புறஜாதியான் எவனும் இந்தத் தடுப்பைத் தாண்டக்கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது அதன் எச்சரிக்கை. முழுதாகக் கிடைத்த இன்னொரு கல் 1871-ல் கண்டெடுக்கப்பட்டு இஸ்தான்புல்லில் இருக்கிறது. ஒரு புறஜாதியானை இந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிவந்தான் என்று பழி சுமத்தித்தான் பவுலைக் கொல்லப் பார்த்தார்கள். நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என்று எபேசியருக்கு எழுதின நிருபம் சொல்லும்போது, கேட்டவர்களின் கண்ணுக்கு முன்னால் இந்தக் கல் வந்திருக்கும். யூதரல்லாத நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தத் தடுப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரிசுத்தம் விளையாட்டுக்காரியம் இல்லை என்று அந்த ஜனங்கள் உயிரைக் கொடுத்து அதைக் காத்து வந்தார்கள். அவர்கள் காக்காமல் போயிருந்தால், இயேசு மரித்தபோது அந்தத் திரை கிழிந்ததற்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

மறுநாள் காலை கல்லறை ஆலயம். கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மேனியர், கோப்தியர், எத்தியோப்பியர், சிரியர் என ஆறு திருச்சபைகள் பங்கிட்டுக்கொண்டு ஆராதிக்கிற இடம். வாசல் சாவியோ தலைமுறை தலைமுறையாக இஸ்லாமியக் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே நெரிசல், தூபப் புகை, பல மொழி ஜெபங்கள். நுழைந்ததும் எதிரே, இயேசுவின் சரீரத்தைக் கிடத்தி சுகந்தவர்க்கமிட்டதாகச் சொல்லப்படும் கல்பலகை. யாத்திரிகர்கள் அதில் எண்ணெய் ஊற்றி, கைக்குட்டையாலும் சால்வையாலும் துடைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் வயதான அம்மா ஒருவரும் தன் மருமகளுக்காக ஒரு துண்டை அதில் ஒற்றி எடுத்தார். உடனே இன்னொருவர், "அம்மா, துணியில என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

எனக்கு ஆகாயின் கேள்வி ஞாபகம் வந்தது. தொங்கலில் கொண்டுபோனால் பரிசுத்தம் ஒட்டாது. கேட்டவர் சொன்னது வேதத்தின்படி சரிதான். ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோது, கூட்டத்துக்கு நடுவே நீண்ட அந்தக் கையும் ஞாபகம் வந்தது. அவளைக் குணமாக்கியது நூல் இல்லை, அதை உடுத்தியிருந்தவர்; ஆனாலும் நூலைத் தொட்டதற்காக அவளை அவர் கடிந்துகொள்ளவில்லை. துணியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அதை நீட்டிய கையின் ஏக்கத்தை அவர் பார்க்காமல் இருப்பாரா? அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. துண்டை மடித்து வைத்துக்கொண்டு படியேறினார்.

வலது பக்கத்தில், சிலுவை நின்ற இடமான கொல்கொதாவுக்குப் போகிற படி, மிகவும் செங்குத்து. மேலே பலிபீடத்துக்கு அடியில் குனிந்து கையை விட்டால் பாறையைத் தொடலாம். இறங்கி வந்த பிறகு ஐயா எங்களைச் சேர்த்து நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். இப்போது இந்த ஆலயம் மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் இருக்கிறது. இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது இது நகரத்துக்கு வெளியே. சில வருஷம் கழித்து ஏரோது அகிரிப்பா மதிலை விரித்துக் கட்டினான், அப்போதுதான் இந்த இடம் உள்ளே வந்தது. பிறகு எபிரெயர் 13-ஐ வாசித்தார். இயேசு தம்முடைய சொந்த இரத்தத்தினாலே ஜனத்தைப் பரிசுத்தஞ்செய்யும்படியாக நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்.

கப்பர்நகூமில் கேட்டது அங்கே முழுதாகப் புரிந்தது. பாளயத்துக்குப் புறம்பே என்பது குஷ்டரோகி தனியே குடியிருக்கிற இடம். பாவநிவாரண பலியின் தோலும் மாம்சமும் கொண்டுபோய் எரிக்கப்படுகிற இடம். மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தூரத்தில், தீட்டானவை தள்ளப்படுகிற இடம். ஜனத்தைப் பரிசுத்தமாக்க அவர் அங்கே போனார். அவர் அங்கே இருந்தபோதுதான் நகரத்துக்குள் இருந்த திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது. அந்த நிருபம் அதோடு நிற்காமல், நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்தில் புறப்பட்டுப்போகக்கடவோம் என்கிறது. பரிசுத்தமாக வாழ ஆசைப்படுகிறவன் உள்ளே ஒதுங்கிக் கதவைச் சாத்திக்கொள்வான் என்றே நான் எதிர்பார்த்திருந்தேன். வேதம் அவனை வெளியே அனுப்புகிறது.

அன்று ராத்திரி விடுதியில் கடைசி ஜெபக்கூட்டம். ஐயா லேவியராகமம் 19-ஐ எடுத்தார். பேதுரு மேற்கோள் காட்டுகிற கட்டளை முதலில் வருகிறது: நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள். அப்புறம் ஆராதனை முறைகள்தான் பெரும்பாலும் வரும் என்று நினைத்தால், வயல் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதே, கள்ளத் தராசு வைத்திருக்காதே, உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு. கூலிக்காரனுடைய கூலி விடியும் வரை உன்னிடத்தில் இருக்கலாகாது.

காலையில் துணியைப் பற்றிக் கேட்டவர் அந்த வசனத்தோடு எழுந்து வெளியே போனார். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர் அவர். தாழ்வாரத்தில் நின்று தம்பியிடம் போனில் பேசுவது கதவு வழியாகக் கேட்டது.

"நான் வந்து கணக்குப் பார்க்கிற வரைக்கும் வச்சிருக்க வேண்டாம்டா. அந்த ஆட்களுக்கு நாளைக்குக் காலையிலேயே கொடுத்துடு. எல்லாருக்கும். ஆமா, பாதியில நின்னுட்டுப் போனானே, அவனுக்கும்."

தம்பி என்னவோ தர்க்கம் பண்ணியிருக்க வேண்டும். இவர் கொஞ்சம் குரலை உயர்த்தி, "அவன் செஞ்ச நாளுக்கு உள்ளது அவனோடதுதானே?" என்றார். உள்ளே ஐயா அடுத்த வசனத்துக்குப் போயிருந்தார். அந்த அம்மா நகர்ந்து, திரும்பி வந்தவருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.