“நல்லாத்தானே நடக்கிற?”: எம்.எஸ். நோயோடு மாற்றுத்திறனாளி சான்று வாங்கிய அனுபவம்

எனக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய். எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. எனக்கு இடது காலில் இறங்கியிருக்கிறது. காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மாடி ஏறித் துணி காயப்போடுவேன். அதே நாள் மதியம் கூடத்திலிருந்து பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எதிர்வீட்டுக்காரர்களே இதை நம்ப மாட்டார்கள். ஐந்து நிமிடம் பார்க்கிற டாக்டர் எப்படி நம்புவார்?

இதில் வேலூர் வெயில் வேறு. எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், பழுதான நரம்பில் தகவல் போவது தடுமாறும். சூடு தணிந்ததும் பழையபடி ஆகிவிடும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890-லேயே, எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பை வருத்தினால் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதியிருக்கிறார், இந்தத் தொல்லைக்கு அவர் பெயர்தான். அவர் அக்னி நட்சத்திரத்தில் மண்டித் தெருவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அங்கே ஒரு அரிசி மண்டியில் நான் கணக்கு எழுதுகிறேன். கார்த்திகை, மார்கழியில் என்னைப் பார்ப்பவர்களுக்கும் சித்திரையில் பார்ப்பவர்களுக்கும் நான் இரண்டு வேறு ஆள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகையைத்தான் சொல்லியிருந்தார்கள். 2016 சட்டத்தில் அது 21 ஆனது, எம்.எஸ். அதில் தனியாகவே பெயர் சொல்லி இருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பம் போடும்போது இது முக்கியம். இ-சேவை மையத்தில் இருந்த தம்பி, கால் பிரச்சினை என்று நான் சொன்னதும் கை கால் ஊனம் என்ற வகையைத் தட்டிவிட்டான். பாவம், அவன் பின்னால் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வரிசை நின்றது. விளைவு, சான்றுக்கான மருத்துவ முகாமில் என்னை எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னாம்மா, நல்லாத்தானே நடந்து வர்ற?” என்றார். முட்டியை மடக்கிப் பார்த்தார், இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சுழன்றது. மூட்டில் கோளாறே இல்லையே, வேறென்ன கிடைக்கும்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒயரைப் பார்க்க வேண்டும், அவர் மோட்டாரைத்தான் பார்க்கிறவர். நரம்பியல் கருத்து தேவை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்த அறைக்கு வெளியே சீட்டு வாங்குகிற ஊழியர், “கால் நல்லா இருக்கிறவங்கல்லாம் வந்துடுறாங்க” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி யோசனை சொன்னார்: “அடுத்த வாட்டி நடக்கவே முடியலைன்னு சொல்லிடு. எங்க அத்தையோட கோல் கீது, எடுத்துனு போ.” அன்பால் சொன்னதுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒப்பியிருந்தாலும் பயன் இருக்காது. நரம்பு டாக்டர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினால் என் இடது கால் துள்ளுகிற துள்ளலை யாராலும் நடிக்க முடியாது. உள்ளங்காலைக் கோடு இழுத்தது போலக் கீறினால் மற்றவர்களுக்குக் கட்டைவிரல் கீழே மடங்கும், எனக்கு மேலே தூக்கும். மறுபக்கம், நம் ஆட்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. “எப்படிம்மா இருக்க?” என்று டாக்டர் கேட்டால் “ஏதோ பரவாயில்ல சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சான்று கேட்டுப் போன இடத்தில் அந்தப் பரவாயில்லை காகிதத்தில் ஏறிவிடும்.

எனக்கு உண்மையில் உதவியது, தொடர்ந்து பார்க்கும் நரம்பியல் மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றார். கொஞ்ச தூரம் என்றேன். “கொஞ்சம்னா கோட்டை வாசல் வரைக்குமா, தெருமுனை வரைக்குமா?” எம்.எஸ்-க்கு ஈ.டி.எஸ்.எஸ். என்று ஒரு அளவுகோல் இருக்கிறதாம், கர்ட்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியல் நிபுணர் 1983-இல் வெளியிட்டது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும். நாலுக்கு மேல் போனால் பெரும்பாலும் நடக்கிற தூரம்தான் கணக்கு. ஓய்வில்லாமல் 500 மீட்டர் போக முடிந்தால் நாலு, 200 மீட்டர்தான் என்றால் ஐந்து, 100 மீட்டருக்கே ஒரு பக்கம் கோலோ பிடிமானமோ வேண்டும் என்றால் ஆறு. “நல்ல நாளில் எவ்வளவு, மோசமான நாளில் எவ்வளவு, மாதத்தில் எது அதிகம், எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

கணக்கு எழுதுகிறவளிடம் இதைச் சொன்னால் விடுவேனா? மண்டியில் மீந்திருந்த பழைய பேரேடு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, நேரம், எங்கிருந்து எங்கே, எங்கே நின்றேன், அதற்கப்புறம் என்ன ஆனது. கடைசிப் பத்திதான் முக்கியம் என்று எழுத எழுதத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: “மதியம் 1 மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டி. பூக்கடை அருகே கால் இழுத்தது. திண்ணையில் அரை மணி. மாலை எழுந்திருக்க முடியவில்லை, சமையல் அவர்.” அடுத்த வரி: “காலை 8. அதே வழி. நிற்கவில்லை.” நல்ல நாளையும் மறைக்காமல் எழுதினேன். அதனால்தான் மற்ற வரிகளை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

நரம்பியல் பரிசோதனை அன்று என் நேரம், காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். ஏ.சி. அறை. தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார் அந்த டாக்டர் மேடம். லேசாகத்தான் தள்ளாடினேன். அப்போது நானாகவே சொன்னேன்: “மேடம், இப்ப நீங்க பார்த்தது என் நல்ல நேரம். பஸ்ஸில் ஏறுவேன். படி உயரமா இருந்தா இடது காலைக் கையால தூக்கி வைப்பேன். வெயில்ல இறங்கி நடந்தா தெருமுனை தாண்ட மாட்டேன். மாசத்துல பாதிக்கு மேல அப்படித்தான்.” பேரேட்டைக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் நிதானமாகப் புரட்டினார்.

அப்புறம், “வெளியே வராண்டாவில் போய் வந்து போய் வந்து இருங்கள், உச்சி வெயிலில் பார்க்கிறேன்” என்றார். எல்லா டாக்டரும் இதைச் செய்ய மாட்டார்கள், அன்று கூட்டம் குறைவு. தகரக் கூரை போட்ட வராண்டா. சுற்றி வர வர இடது பாதம் முன்பக்கம் தொங்க ஆரம்பித்தது. மறுபடி உள்ளே போனபோது அட்டெண்டர் அண்ணன் பின்னாலேயே வந்தார், கையில் என் செருப்பு. கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. மேடம் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இடது செருப்பின் முன்முனை தரையில் தேய்ந்து வார் நுழைகிற துளை வரை போயிருந்தது. வலது புதுசு மாதிரி. ஒன்றும் பேசாமல் எழுத ஆரம்பித்தார்.

சான்றில் ஊனம் 50 சதவீதம் என்று வந்தது. 40-க்குக் கீழே என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வெள்ளைப் பட்டை, 40-இலிருந்து 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 40-ஐத் தொட்டால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். எனக்குத் தற்காலிகச் சான்று, காலக்கெடு முடிந்ததும் மறுபடி போக வேண்டும். நோய் போகப்போவதில்லை, பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்று வீட்டுக்காரருக்குக் கோபம். எனக்கு அவ்வளவு இல்லை. நோய் முற்றினால் சதவீதமும் கூடட்டும். பேரேட்டைத் தூக்கிப் போடவில்லை, வாரம் ஒரு முறையாவது எழுதுகிறேன்.

எம்.எஸ்., பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்னால் 1500-ஆக இருந்தது. அதற்கான மனுவைச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கொடுத்திருக்கிறேன். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக்காரர்களின் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருந்தால், முதலில் அதைத் திருத்திவிட்டு மனு கொடுங்கள். என் மனுவில் வங்கிப் புத்தக நகல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பினார்கள், வேறு நகல் கொடுத்தாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.