மனுவில் எதை மறைப்பது: சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு நான் படித்த விதம்

மனு, தீர்ப்பு போன்ற நீதிமன்ற ஆவணங்களில் எந்த விவரத்தை மறைக்க வேண்டும் என்ற தலைப்பை, சிவில் ஜட்ஜ் தேர்வுக்குப் படிக்கும் பலர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இது ஒரே சட்டத்தில் இல்லாமல் பல இடங்களில் சிதறிக் கிடப்பதுதான் காரணம். கும்பகோணத்தில் ஜூனியர் வக்கீலாக இருந்துகொண்டே படித்த நான், எல்லாவற்றையும் தனி நோட்டில் சேர்த்துவிட்டேன். அதன் பிறகு சுலபமாகிவிட்டது.

முதலில் உச்ச நீதிமன்றத்தின் 1966 மிராஜ்கர் வழக்கைப் படியுங்கள். விசாரணை திறந்த மன்றத்தில்தான் நடக்க வேண்டும், ஆனால் நீதிக்குத் தேவையென்றால் சாட்சியம் வெளியாவதைத் தடுக்கும் உள்ளார்ந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. விவரம் வெளியாவதைத் தடுக்கும் பிரிவுகளான இந்து திருமணச் சட்டம் 22, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 33(7), சிறார் நீதிச் சட்டம் 74 எல்லாம் இதற்குக் கீழே தானாக வந்து உட்காரும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72.

தீர்ப்பு எழுதும் பயிற்சியில் பாலியல் குற்ற வழக்கு வந்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரை எழுதவே எழுதாதீர்கள். பெயர் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் கூடாது என்பதுதான் 2018 நிபுண் சக்சேனா தீர்ப்பு. திருவையாறு பக்கத்துக் கிராமம், அப்பாவுக்குக் கடைத்தெருவில் டீக்கடை என்று எழுதினால் போதும், யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சீலிட்ட உறை பற்றி 2023 மாத்யமம் (மலையாளச் செய்தி நிறுவனம்) தீர்ப்பு அவசியம். எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் நீதிபதியிடம் மட்டும் ஆவணத்தைக் கொடுப்பது இயற்கை நீதிக்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். மறைப்பதற்கும் எல்லை உண்டு என்பதை விடையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

படித்தது மனதில் பதிய, ஆபீஸில் வழக்குக் கட்டுகளைப் பார்ப்பதுதான் நல்ல வழி. எங்கள் பக்கம் நிலத் தகராறில் வருமானத்தைக் காட்ட வங்கி பாஸ்புக்கை முழுசாக ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். தேவைப்படுவது நெல் கொள்முதல் பணம் ஏறிய வரிகள் மட்டுமே. கூடவே நகைக்கடன், மருத்துவச் செலவு, ஆதார் எண் எல்லாம் போய்விடும். மூன்றாம் நபரும் மனுப் போட்டு நகல் கேட்கலாம். ஆதாரில் கடைசி நான்கு இலக்கங்களை விட்டு மற்றதை மறையுங்கள். மறைத்திருப்பதை மனுவிலேயே சொல்லி, அசலைக் கையில் வைத்திருங்கள், நீதிமன்றம் கேட்டால் காட்ட வேண்டும்.

ஆன்லைனில் மனுவைத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங்கில் இன்னொன்று. பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் போட்டாலும் அடியில் எழுத்து அப்படியே இருக்கலாம். அந்த இடத்தை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து வந்தால், பிரிண்ட் எடுத்து, பேனாவால் அழுத்தி அடித்து, மறுபடி ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.