பின்னங்கால் விழுந்த முயலைப் பார்த்துக்கொள்வது: எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் புட்டுவுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், "திரும்ப நடக்குமா?" ஆபீசில் கேட்கிறார்கள், ஊரிலிருந்து போன் செய்கிற பெரியம்மா கேட்கிறார், பால்காரர்கூடக் கேட்டார். ஆனால் நடக்க முடியாததால் முயல் சாவதில்லை. மூத்திரம் கட்டிக்கொண்டு சாகும், வயிறு நின்றுபோய்ச் சாகும், ஈ முட்டையிட்டுப் புழு வைத்துச் சாகும். இந்த மூன்றும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றாட வேலை, காலைப் பற்றி அதற்கு அப்புறம்தான் யோசிக்க வேண்டும். தமிழில் இதைப் பற்றித் தேடியபோது முயல் பண்ணை வைத்துச் சம்பாதிப்பது எப்படி என்பதுதான் பெரும்பாலும் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் தெருவில் சரவெடி. ஜன்னலைச் சாத்தி, கூண்டின் மேல் போர்வை போட்டு, உள் அறையில்தான் வைத்திருந்தோம். அப்படியும் ஒவ்வொரு வெடிக்கும் எகிறி எகிறிக் குதித்தான். காலையில் முன்னங்கால் இரண்டால் உடம்பை இழுத்துக்கொண்டு தட்டுக்கு வந்தான். பின்பக்கம் துணி மாதிரி கிடந்தது. அந்த நிலையிலும் கொத்தமல்லியைத் தின்றான் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம்.

முயல் உடம்பின் அமைப்பு அப்படி. எலும்புக்கூடு மொத்த எடையில் 7, 8 சதவீதம்தான் இருக்கும், பூனைக்கு அது 12, 13. ஆனால் பின்னங்கால் சதையோ பயங்கர பலம். மிரண்டுபோய் ஒரு உதை விட்டால் அந்த வேகத்தில் தன் இடுப்பு முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ள முடியும். தூக்கும்போது பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முதலில் போன கிளினிக்கில் டாக்டர் நேர்மையாகவே சொன்னார், "நான் நாய், பூனைதாங்க அதிகம் பார்க்கிறேன். இதுக்கு ஊசி போட்டு அனுப்பிடுறது நல்லதுன்னு தோணுது." அனுப்பிடுறது என்றால் எங்கே என்று அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வேண்டாம் என்று கிளம்பி, முயலும் பறவையும் பார்க்கிற வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்தோம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். எங்கே போனாலும் முயலைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கெட்டியான அட்டைப்பெட்டியில் துண்டுகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் அண்டை கொடுத்து, முதுகு வளையாமல் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். வெறும் வயிற்றில் கொண்டுவரச் சொன்னால் முயல் என்று இன்னொரு முறை ஞாபகப்படுத்துங்கள். முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது, அதனால் நாய்க்குச் சொல்வதுபோல் பட்டினி போட வேண்டிய அவசியம் இல்லை, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும் ஆபத்துதான் அதிகம்.

இரண்டாவது டாக்டர் செய்த முதல் வேலை கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தது. கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது, எனக்கு ஒரே சந்தோஷம். அவர் அப்படி இல்லை என்று தலையாட்டினார். காலை இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் அடிப்பகுதி மட்டும் செய்கிற வேலை, மூளைக்குத் தகவல் போகாமலே அது நடக்குமாம். அழுத்தும்போது முகத்தில் மாறுதல் தெரிகிறதா, திரும்பிப் பார்க்கிறதா, கடிக்க வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியதும் இடது காலுக்குப் புட்டு திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தான். வலது காலுக்கு லேசாகக் காதை மட்டும் அசைத்தான். "இது போதும், முயற்சி பண்ணலாம்" என்றார். இரண்டு காலிலும் ஆழமான வலி உணர்ச்சி சுத்தமாக இல்லையென்றால் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், உள்ளே நசுங்கின தண்டுவடம் தெரியாது. அடி தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று அவர் சொன்னார், என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி. முயல்களுக்கு மூத்திரம் வழியாகத்தான் அதிகம் பரவும், மூளை, தண்டுவடம், சிறுநீரகம் எல்லாவற்றிலும் போய் உட்காரும். சிலதுக்குத் தலை ஒரு பக்கமாகச் சாயும், சிலதுக்குக் கண்ணில் வெள்ளை விழும், சிலதுக்குப் பின்னங்கால் தளரும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் நன்றாக ஓடி ஆடுகிற முயல்களிலும் நிறையவற்றுக்கு அது இருக்கும், அதனால் இருக்கிறது என்று வந்தாலும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்தோம். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், ஒட்டுண்ணிக்கு ஃபென்பென்டசோல். பின்னது கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் கொடுப்பது வழக்கம். அரிதாக எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்பதால் நடுவில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பூச்சி மருந்துதானே என்று வீட்டில் இருக்கிற அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின் வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது, முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம். முயல் பழக்கமில்லாத இடத்தில் என்ன மருந்து எழுதினாலும் இது முயலுக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி அசல் வேலைக்கு வருகிறேன்.

மூத்திரம். கால் விழுந்தபோது மூத்திரப்பையின் பிடியும் அவனுக்குப் போய்விட்டது. பை நிறைந்து வழியும்போது சொட்டுச் சொட்டாக வரும், அதைப் பார்த்துவிட்டுத் தானாகப் போகிறான் என்று நினைத்துவிடக் கூடாது, உள்ளே பை முட்டிக்கொண்டு இருக்கும். டாக்டர் என் விரல்களைப் பிடித்து வைத்து அடிவயிற்றில் பை எங்கே தட்டுப்படும், எந்தப் பக்கம் மெதுவாக அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். வீடியோ பார்த்து நாமாகச் செய்கிற காரியம் இல்லை இது, பலமாக அமுக்கினால் பை கிழிந்துவிடும். அவர் எதிரிலேயே செய்து காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் செய்தேன். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும்முன். மதிய வேளைக்கு அம்மா பழகிக்கொண்டார், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

முயல் மூத்திரம் இயல்பாகவே கலங்கலாக, வெள்ளையாக இருக்கும். தின்பதில் உள்ள கால்சியத்தில் உடம்புக்குத் தேவையானது போக மிச்சம் மூத்திரத்தில்தான் வெளியேறும். அசையாமல் கிடக்கிற முயலுக்கு அது பைக்குள்ளேயே சேறாகப் படியும். அதனால் முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் எல்லாவற்றையும் குறைத்தோம். பாட்டிலை எட்டிக் குடிக்க அவனால் முடியவில்லை, கனமான மண் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம், கீரையையும் அலசி ஈரத்தோடு கொடுத்தோம்.

மூத்திரம் பட்ட ரோமம் காயாமல் இருந்தால் தோல் வெந்து சிவந்துவிடும். முழுக் குளியல் கூடாது, மிரண்டுபோய் அதிர்ச்சியிலேயே செத்துவிடக்கூடும். பின்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, முழுக்கக் காயவிட்டு கார்ன்ஃப்ளார் மாவைத் துளி தடவுவேன். டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். பின்பக்க ரோமத்தை டாக்டரிடமே வெட்டிக்கொண்டோம், தோல் ரொம்ப மெல்லிசு, கத்தரிக்கோல் பட்டால் கிழிந்துவிடும். பிறந்த குழந்தைக்கான டயபரை இரவில் மட்டும் போட்டோம். பகலில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் புண்தான் மிஞ்சும்.

அடுத்தது ஈ. வெளிநாட்டில் இதைக் கோடைக்காலப் பிரச்சினை என்கிறார்கள், நமக்கு வருஷம் முழுக்கக் கோடைதான். ஈரமான, அழுக்கான ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்து சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம், அவன் படுக்கும் இடத்துக்கு மேலேயும் ஒரு வலை. காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பார்ப்பது என் கடமை, காய்ச்சலாகக் கிடந்த நாளிலும் செய்தேன்.

வயிறு. முயல் இரண்டு விதமாகப் போடும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். உருண்டையான காய்ந்த புழுக்கை ஒன்று. பளபளவென்று கொத்துக் கொத்தாக, மென்மையாக வருவது இன்னொன்று, அதை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதில்தான் பி வைட்டமினும் புரதமும் இருக்கிறது. இடுப்பை வளைக்க முடியாத முயலால் அதை எட்ட முடியாது. பெரும்பாலும் விடியற்காலையில் வரும். அம்மா கோலம் போட எழுந்திருக்கும் நேரம், அதனால் அம்மாதான் அதை எடுத்து வாயருகில் நீட்டுவார். "காலங்காத்தால என்ன பொழப்புடி இது" என்று ஒரு பாட்டு, அது முடிவதற்குள் அவன் தின்று முடித்திருப்பான்.

பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. எங்களுக்கு ஒரு முறை அந்த நிலை வந்தது. டாக்டர் வலி மருந்தும் குடல் அசைவுக்கு மருந்தும் கொடுத்தார். முயல் தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது, மூக்கில் ஏறிவிடும். தீனியில் முக்கால்வாசிக்கு மேல் புல்தான் இருக்க வேண்டும். இறக்குமதியாகிற டிமோத்தி புல் கையைக் கடிக்கிறது. அருகம்புல்லும், மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்குகிற கோ-4 புல்லும்தான் எங்கள் புட்டுவின் சாப்பாடு.

படுக்கைக்கு அடியில் யோகா பாய், அதன்மேல் உறிஞ்சும் பேட், அதன்மேல் ஈரத்தை அடியில் விட்டுவிடும் தடித்த போர்வைத் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்போம், இல்லாவிட்டால் குதிகாலும் இடுப்பெலும்பும் புண்ணாகும். யாரும் சொல்லாத ஒரு விஷயம், காது. முயல் பின்னங்காலால்தான் காதைச் சொறிந்து சுத்தம் செய்யும். அது முடியாததால் அழுக்கு சேர்ந்து தலையை உதறிக்கொண்டே இருந்தான். இப்போது நான் விரலால் காதின் அடியைத் தேய்த்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, அசையாத காலால் சொறிகிற மாதிரி இடுப்பை ஆட்டுவான்.

வீக்கம் வடிந்து டாக்டர் சரி என்ற பிறகு உடற்பயிற்சி. சைக்கிள் மிதிப்பதுபோல் ஒவ்வொரு காலையும் மடக்கி நீட்டுவது, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து பாதம் தரையில் படும்படி நிற்க வைப்பது. என் தம்பி பிவிசி பைப்பும் பொம்மைக் கார் சக்கரமும் வைத்து ஒரு வண்டி செய்தான், அழகாகத்தான் இருந்தது. புட்டு அதில் ஏற்றியதும் சிலையாக நின்றான், இறக்கினதும் பைப்பைக் கடித்தான். சில முயல்கள் பழகிக்கொள்கின்றன, இவன் பழகவில்லை. வண்டி இப்போது பரண் மேல்.

பொங்கல் தாண்டி இடது கால் தரையை உந்த ஆரம்பித்தது. மூத்திரமும் பாதிக்குமேல் தானாகவே போகிறான், ஆனாலும் இரவில் ஒரு முறை நான் எடுத்துவிட வேண்டியிருக்கிறது. வலது கால் இழுபடுகிறது. பாயில் கோணலாகத் தத்துவான், டைல்ஸில் வழுக்குவான். இவ்வளவுதான், இதற்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இது போதும். ஆனால் வலி உணர்ச்சியே இல்லாமல், தின்னாமல், முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் கிடக்கிற முயலுக்கு ஊசி போட்டு அனுப்பினவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வீட்டில் பகலில் ஆள் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்கவே நடக்காது, எனக்கு அம்மா இருந்தார்.

இப்போதைய கவலை தம்பி கல்யாணம். எல்லாரும் ஊருக்குப் போக வேண்டும், அந்த வெயிலில் அவனை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. எதிர்வீட்டு அக்கா தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மூத்திரம் எடுக்கக் கற்றுக்கொள்ள டாக்டரிடமே அவரையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன். கையுறை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வாங்கிக்கோங்க அக்கா, ஆனா பழைய நைட்டியா போட்டுட்டு வாங்க, எந்தப் பக்கம் பாயும்னு அவன்தான் முடிவு பண்ணுவான், நாம இல்ல என்றேன்.